கொலராடோ மலைகளில் மீண்டும் வில்லெடுப்பவர்களுக்கு: மரபு வில் வேட்டைக்கு ஒரு வழிகாட்டி

மிச்சிகன், ஒகையோ, பென்சில்வேனியா போன்ற மாநிலங்களில் ரிகர்வ் (நுனிகள் முன்புறம் வளைந்த வில்) அல்லது லாங்போ (ஒரே வளைவுள்ள நீண்ட வில்) வில்லால் வெள்ளைவால் மானை வேட்டையாடிப் பழகிய பலர், வேலை காரணமாகக் கொலராடோவுக்குக் குடிபெயர்ந்த பிறகு சில ஆண்டுகள் வில்லைத் தொடாமலே இருந்துவிடுகிறார்கள். மீண்டும் தொடங்க வேண்டும் என்ற எண்ணம் வரும்போது அவர்கள் பெரும்பாலும் கையைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். பழைய குறி திரும்புமா, தோள் தாங்குமா என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கிறது. கை மறந்ததைச் சில மாதப் பயிற்சியில் மீட்டுவிடலாம். பழைய ஊரில் காற்றைப் பற்றியும் விலங்கின் நடமாட்டத்தைப் பற்றியும் கற்றவற்றில் பெரும்பகுதி இந்த மலைகளில் செல்லாது என்பதுதான் உண்மையான சிக்கல். ஆகவே முதல் ஆண்டை நிலத்தைப் படிக்கும் ஆண்டாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு விலங்கு கிடைத்தால் மகிழ்ச்சி. கிடைக்காவிட்டாலும் அந்த ஆண்டு வீண் போகாது.

மரபு வில் என்று இங்கே குறிப்பிடுவது உருளைச் சக்கரங்கள் இல்லாத வில்லை. மிசௌரியைச் சேர்ந்த ஹாலஸ் வில்பர் ஆலன் 1969-இல் காப்புரிமை பெற்ற காம்பவுண்ட் வில், முழுவதும் இழுத்த நிலையில் கைக்கு வரும் சுமையைப் பெருமளவு குறைத்துவிடுகிறது. ரிகர்விலும் லாங்போவிலும் அந்தச் சலுகை கிடையாது. இழுக்க இழுக்கச் சுமை கூடிக்கொண்டே போகும், குறிபார்க்கும் கருவியும் இராது. 1911-இல் கலிஃபோர்னியாவின் ஓரோவில் ஊரில் வெளிப்பட்ட யாஹி இனத்தவரான இஷியிடம் வில் வேட்டையைக் கற்ற சான் ஃபிரான்சிஸ்கோ மருத்துவர் சாக்ஸ்டன் போப்பும், அவருடைய தோழர் ஆர்ட் யங்கும், பிற்காலத்தில் மிச்சிகனின் கிரேலிங் ஊரிலிருந்து வில் தயாரித்த ஃபிரெட் பேரும் பயன்படுத்தியவை இத்தகைய விற்களே. இந்த வில்லைத் தேர்ந்தெடுப்பவர் விலங்கை மிக நெருங்கியே எய்ய வேண்டும் என்ற கட்டுப்பாட்டையும் சேர்த்தே ஏற்றுக்கொள்கிறார். கீழே சொல்லப்படும் ஒவ்வொன்றும் அந்தக் கட்டுப்பாட்டிலிருந்துதான் பிறக்கிறது.

தமிழ் வாசகர்களுக்கு இன்னொன்றையும் தெளிவுபடுத்துவது என் கடமை. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி காட்டு விலங்குகளை வேட்டையாடுவது குற்றம். இக்கட்டுரை கொலராடோ மாநில அரசு உரிமம் கொடுத்து, பருவம் வகுத்து, எண்ணிக்கையைக் கணக்கிட்டு அனுமதிக்கும் வேட்டையைப் பற்றியது மட்டுமே.

காகித வேலையை முதலில் முடியுங்கள்

குடிபெயர்ந்த உடனே உங்களுக்கு உள்ளூர்வாசிக்குரிய உரிமம் கிடைத்துவிடாது. உரிமம் வாங்குவதற்கோ விண்ணப்பிப்பதற்கோ முன்பு தொடர்ச்சியாக ஆறு மாதம் கொலராடோவில் வசித்திருக்க வேண்டும் என்பது விதி. எல்க் என்னும் பெரிய மான் வகைக்கு வெளிமாநிலத்தவர் கட்டும் உரிமக் கட்டணம் உள்ளூர்வாசியின் கட்டணத்தைப் போலப் பல மடங்கு என்பதால், குடிவந்த தேதியைக் காட்டும் ஆவணங்களைப் பத்திரப்படுத்துவதும் ஓட்டுநர் உரிமத்தைத் தாமதமின்றி மாற்றிக்கொள்வதும் பயன் தரும்.

அடுத்தது வேட்டைக் கல்விச் சான்றிதழ். 1949 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த எவரும் இந்தச் சான்றிதழ் இல்லாமல் கொலராடோவில் வேட்டை உரிமம் வாங்க முடியாது. வேறு மாநிலத்தில் பெற்ற சான்றிதழ் இங்கும் ஏற்கப்படும். ஆனால் இருபது ஆண்டுகளுக்கு முன் வாங்கிய அட்டை எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று பலருக்கும் நினைவிருப்பதில்லை. பழைய மாநிலத்தின் வனவிலங்குத் துறைக்கு எழுதி நகல் பெறச் சில வாரங்கள் ஆகக்கூடும் என்பதால் இதைக் குளிர்காலத்திலேயே செய்துவிடுங்கள். பக்கத்து மாநிலங்களுக்கும் போகும் எண்ணம் இருந்தால், மொன்டானா, ஐடஹோ போன்றவை வில் வேட்டைக்கென்று தனிப் பயிற்சிச் சான்றோ முந்தைய வில் உரிமத்துக்கான ஆதாரமோ கேட்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கொலராடோ பார்க்ஸ் அண்ட் வைல்ட்லைஃப் துறை ஆண்டுதோறும் வெளியிடும் பெருவிலங்கு வேட்டைக் கையேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படியுங்கள். மாநிலம் முழுவதும் எண்ணிட்ட வேட்டை அலகுகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. எந்த அலகில் எந்த விலங்கை எந்தத் தேதியில் எந்தக் கருவியால் எடுக்கலாம் என்பது அதில்தான் இருக்கிறது. குலுக்கல் முறைக்கான முதன்மை விண்ணப்பம் ஏப்ரல் தொடக்கத்தில் முடிந்துவிடுகிறது. மானுக்கான வில் உரிமம் எல்லா இடத்திலும் குலுக்கலில்தான் கிடைக்கும். எல்க்கைப் பொறுத்தவரை, பல அலகுகளில் உள்ளூர்வாசிகள் கடையிலேயே நேரடியாக வில் உரிமம் வாங்கும் வாய்ப்பு இருந்து வருகிறது. 25-ஆம் எண் இன்டர்ஸ்டேட் நெடுஞ்சாலைக்கு மேற்கே வெளிமாநிலத்தவருக்கு இருந்த அந்த வாய்ப்பு 2025 முதல் நீக்கப்பட்டது. இத்தகைய விதிகள் மாறக்கூடியவை என்பதால், நண்பர் சொன்னதை நம்பாமல் அந்தந்த ஆண்டின் கையேட்டையே பாருங்கள். துறையின் தொலைபேசி உதவிப் பிரிவில் உள்ளவர்கள் அலகு வாரியாகப் பொறுமையாக விளக்குகிறார்கள். புதியவர்கள் அவர்களைக் கூச்சப்படாமல் அழைக்க வேண்டும்.

பழைய வில்லைப் பரிசோதித்தல்

வில்லை எடுத்தவுடன் நாணேற்றி இழுத்துப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அதற்கு முன் பகல் வெளிச்சத்தில் அதன் இரு கரங்களையும் நுனியிலிருந்து பிடி வரை மெதுவாகப் பாருங்கள். ஒரு பஞ்சுருண்டையை எடுத்துக் கரங்களின் ஓரங்களில் வருடிச் சென்றால், கண்ணுக்குத் தெரியாத சிம்பு இருக்கும் இடத்தில் பஞ்சின் இழை மாட்டி நிற்கும். மரமும் கண்ணாடியிழையும் ஒட்டிய கோட்டில் வெளிறிய கோடோ இடைவெளியோ தெரிந்தால் அந்த வில்லை இழுக்காதீர்கள். அனுபவமுள்ள வில் செய்பவரிடம் காட்டுங்கள். நாணேற்றிய பின் நுனிப்பக்கமிருந்து ஒரு கண்ணால் பார்த்து, நாண் இரு கரங்களின் நடுவிலும் நேராக ஓடுகிறதா, கரம் முறுக்கியிருக்கிறதா என்று கவனியுங்கள். நாணேற்றுவதற்குக் கட்டாயம் நாணேற்றும் கயிற்றையே பயன்படுத்துங்கள். காலுக்கிடையில் வில்லைச் செருகி வளைக்கும் பழக்கந்தான் பல நல்ல ரிகர்வ் விற்களின் கரங்களை முறுக்கியிருக்கிறது.

நாணைப் புதிதாக மாற்றிவிடுங்கள். பழைய வில்லாக இருந்தால் டேக்ரான் என்ற, சற்று நீளக்கூடிய செயற்கை இழை நாண்தான் பாதுகாப்பானது. ஃபாஸ்ட் ஃபிளைட் போன்ற நீளாத இழைகளை, நுனி வலுவூட்டப்பட்ட விற்களில் மட்டுமே பூட்டலாம். இல்லாவிட்டால் நுனி பிளந்துவிடும். அம்பில்லாமல் நாணை இழுத்து விடுவது எந்த வில்லையும் உடைத்துவிடக் கூடியது என்பதை, ஆர்வத்தோடு வில்லை வாங்கிப் பார்க்கும் விருந்தினர்களுக்கும் பிள்ளைகளுக்கும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

கொலராடோவின் வறண்ட காற்று தனியாகக் கவனிக்க வேண்டியது. கண்ணாடியிழை பூசிய வில்லுக்கு அதனால் பெரிய தொந்தரவு இல்லை. ஆனால் ஹிக்கரி, ஓசேஜ் போன்ற மரத்தில் ஒரே கட்டையாகச் செதுக்கிய வில் ஈரப்பதமான கிழக்கு மாநிலத்தில் செய்யப்பட்டிருந்தால், இங்கே அது மெல்ல மெல்ல ஈரத்தை இழந்து விறைத்து, ஒருநாள் முழு இழுப்பில் ஒடியக்கூடும். அத்தகைய வில்லை வெப்பக்காற்று அடிக்கும் அறையில் வைக்காமல், ஈரப்பதம் ஓரளவு நிலையாக இருக்கும் இடத்தில் வைத்துப் பழக்கப்படுத்த வேண்டும். எந்த வில்லாக இருந்தாலும் வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிடக் கூடாது.

குறைந்த விசையில் தொடங்குங்கள்

முன்பு 55 பவுண்டு வில்லை இழுத்தவர் என்ற பெருமை தோளுக்குத் தெரியாது. மீண்டும் தொடங்கும்போது 35 முதல் 40 பவுண்டு வரையுள்ள வில்லை இரவல் வாங்கியாவது தொடங்குங்கள். வில்லில் எழுதியிருக்கும் எடை 28 அங்குல இழுப்புக்கு உரியது. உங்கள் இழுப்பு அதைவிட ஓர் அங்குலம் குறைந்தாலோ கூடினாலோ, விசை ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்று பவுண்டு மாறும். கொலராடோ சட்டம் பெருவிலங்கு வேட்டைக்குக் குறைந்தது 35 பவுண்டு விசையைக் கேட்கிறது. ஆனால் ஆண் எல்க் 300 கிலோகிராமைத் தாண்டக்கூடிய விலங்கு என்பதால், அனுபவமுள்ள மரபு வில்லாளர்கள் பலர் 45 முதல் 50 பவுண்டுக்குக் குறையாத வில்லையே விரும்புகிறார்கள். அந்த விசைக்கு அவசரமில்லாமல் ஏறிவர வேண்டும். முழு இழுப்பில் மூன்று நொடி நடுக்கமின்றி நிற்க முடியாத வில், உங்களுக்கு இன்னும் உரிய வில் அல்ல.

முதல் சில வாரங்கள் குறியே வேண்டாம். வைக்கோல் கட்டுக்கு ஐந்தடி தூரத்தில் நின்று, கண்ணைக்கூட மூடிக்கொண்டு, இழுக்கும் விரல் கடைவாயில் ஒரே இடத்தில் வந்து நிற்கிறதா, முதுகுத் தசை வேலை செய்கிறதா, நாணை விட்ட பிறகும் வில்பிடித்த கை அசையாமல் நிற்கிறதா என்பதை மட்டும் உணர்ந்து எய்யுங்கள். இடைவெளிக்குப் பிறகு திரும்புகிறவர்களிடம் வரும் கெட்ட பழக்கம், குறியைக் கண்டவுடன் முழு இழுப்புக்கு வருவதற்கு முன்பே நாணை விட்டுவிடுவதுதான். குறியில்லாத பயிற்சி அதற்கு மிகச் சிறந்த மருந்து என்பது என் உறுதியான கருத்து. ஒரு நாளைக்கு நூறு அம்பு எய்து களைப்பதைவிட, முப்பது அம்பை நிதானமாக எய்வது மேல்.

அம்பும் முனையும்

அம்பின் விறைப்பு வில்லுக்குப் பொருந்த வேண்டும். இறகில்லாத ஓர் அம்பையும் இறகுள்ள அம்புகளையும் 15 கஜத்திலிருந்து எய்து பாருங்கள். வலக்கை வில்லாளருக்கு இறகில்லாத அம்பு வலப்புறம் விலகி விழுந்தால் அது வளைவு மிகுந்த அம்பு. இடப்புறம் விழுந்தால் விறைப்பு மிகுந்த அம்பு. அதன் வால் மேலே தூக்கியோ கீழே தாழ்ந்தோ குத்தினால், நாணில் அம்பு பூட்டும் இடத்தைச் சிறிது சிறிதாக நகர்த்துங்கள். இறகில்லாத அம்பும் இறகுள்ளவற்றோடு சேர்ந்து விழும் நாள் வரும் வரை பிராட்ஹெட் எனப்படும் அகன்ற வெட்டலகு கொண்ட வேட்டை முனையைப் பூட்ட வேண்டியதில்லை.

எடையில் தாராளமாக இருங்கள். வில்லின் ஒவ்வொரு பவுண்டு விசைக்கும் ஏறத்தாழ 10 கிரெயின் (அம்பை எடைபோடும் மிகச் சிறிய அலகு) என்ற கணக்கு மரபு வில்லுக்கு நன்றாக ஒத்துவருகிறது. 50 பவுண்டு வில்லுக்கு 500 கிரெயின் அம்பு. கனமான அம்பு மெதுவாகப் போனாலும் ஆழமாக இறங்கும், வில்லின் ஓசையும் குறையும்.

துப்பாக்கி ரவையைப் போல அம்பு அதிர்ச்சியால் வீழ்த்துவதில்லை. குருதி இழப்பால்தான் விலங்கு விழுகிறது. ஆகையால் முனையின் கூர்மை விலங்கின் வேதனையைக் குறைக்கும் முக்கியமான வழி. கொலராடோவில் முனையின் அகலம் குறைந்தது எட்டில் ஏழு அங்குலம் இருக்க வேண்டும், எஃகு வெட்டுவாய் இருக்க வேண்டும். மரபு வில்லுக்கு அசையாத இரட்டை அலகு முனையே ஏற்றது. விரியும் முனைகள் இந்த விசையில் ஊடுருவும் சக்தியை வீணாக்குகின்றன. அரத்தால் ஒரே கோணத்தில் தேய்த்து, பிறகு மென்மையான சாணைக்கல்லில் தீட்டி, கடைசியாகத் தோல்வாரில் இழுத்துப் பிசிறு நீக்குங்கள். ஒரு ரப்பர் பேண்டை இரு விரல்களுக்கிடையில் இலேசாக இழுத்துப் பிடித்து, அலகை அழுத்தாமல் அதன்மேல் வைத்து நகர்த்தினால், தொட்ட மாத்திரத்தில் அது அறுந்து விழ வேண்டும். அறுக்க அழுத்தம் தேவைப்பட்டால் மீண்டும் தீட்டுங்கள். கடையில் வாங்கிய புது முனையும் இந்தச் சோதனையில் தேறாமல் போவதுண்டு.

உங்கள் எல்லைத் தூரத்தைக் கண்டறிதல்

மைதானத்தில் இருபதாவது அம்பு எங்கே விழுகிறது என்பது வேட்டையில் ஒரு பொருட்டே அல்ல. காட்டில் கிடைப்பது ஒரே அம்பு; அதுவும் குளிரில் அசையாமல் மணிக்கணக்காக உட்கார்ந்திருந்த பிறகு. எனவே மே மாதத்திலிருந்து தினமும் காலையில் கையைச் சூடேற்றிக்கொள்ளாமல், தூரத்தை அளக்காமல், ஒரே ஓர் அம்பை எய்து, அது எங்கே விழுந்தது என்பதையும் பிறகு அளந்த தூரத்தையும் ஏட்டில் குறித்துவையுங்கள். குறியாகச் சாப்பாட்டுத் தட்டளவுள்ள, அதாவது எட்டங்குல விட்டமுள்ள வட்டம் போதும். எல்க்கின் நெஞ்சுப் பகுதி இதைவிடப் பெரியதுதான். ஆனாலும் அந்தச் சலுகையைப் பயிற்சியில் எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆகஸ்ட் முடிவில் ஏட்டைப் புரட்டிப் பார்த்தால், எந்தத் தூரம் வரை அந்த முதல் அம்புகள் தவறாமல் வட்டத்துக்குள் விழுந்தன என்பது தெரியும். அதுதான் உங்கள் எல்லை. பெரும்பாலான மரபு வில்லாளர்களுக்கு அது 15 முதல் 20 கஜம் வரை இருக்கும். 12 கஜமாக இருந்தாலும் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மலைச்சரிவில் எய்யும்போது மேலிருந்து கீழாகவோ கீழிருந்து மேலாகவோ இடுப்பை மடக்கித் திரும்ப வேண்டும். கையை மட்டும் தாழ்த்தினாலோ உயர்த்தினாலோ இழுப்பின் நீளம் குறைந்து அம்பு தவறும். முழங்காலிட்டு, உட்கார்ந்து, மரத்தின் பின்னிருந்து சாய்ந்து எய்யவும் பழகுங்கள். கொலராடோவின் வில்லாளர் சங்கங்கள் கோடையில் நடத்தும், விலங்கு உருவக் குறிகளைக் காட்டுக்குள் நிறுத்திவைக்கும் பயிற்சிப் போட்டிகள் இதற்கு மிகவும் உதவும். ஊரில் யாரையும் தெரியாத புதியவருக்கு, மலையை அறிந்த மூத்தவர்கள் அறிமுகமாவதும் அங்கேதான்.

நிலத்தைப் படித்தல்

மிச்சிகனின் மிக உயரமான இடமான ஆர்வன் மலையே 603 மீட்டர்தான். டென்வர் நகரமோ 1,609 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. செப்டம்பரில் எல்க் உலவும் காடுகள் பெரும்பாலும் 2,700 மீட்டருக்கு மேல் இருக்கின்றன. சமவெளியிலிருந்து வந்தவருக்குத் தலைவலி, குமட்டல், உறக்கமின்மை வருவது இயல்பு. வேட்டைக்கு முன்பாக இரண்டு மூன்று இரவுகள் உயரத்தில் தங்கி உடலைப் பழக்குங்கள். தண்ணீர் நிறையக் குடியுங்கள். மூச்சுத்திணறலோ தடுமாற்றமோ வந்தால் காத்திருக்காமல் கீழே இறங்கிவிடுங்கள். கோடைப் பிற்பகல்களில் இடிமழை திடீரென்று வரும் என்பதால், மரங்கள் வளரும் உயர எல்லைக்கு மேலேயுள்ள திறந்த முகடுகளில் நண்பகலுக்குப் பிறகு நிற்கக் கூடாது. வண்டுத் தாக்குதலால் காய்ந்து நிற்கும் பைன் மரங்களின் கீழே கூடாரம் போடவும் கூடாது.

வொயிட் ரிவர், சான் வான், ரவுட், கன்னிசன் போன்ற தேசியக் காடுகளும் நடுவண் அரசின் நிலமேலாண்மைப் பணியகத்தின் நிலங்களும் பொதுமக்களுக்குத் திறந்திருப்பது இம்மாநிலத்தின் பெரும்பேறு. ஆனால் அவற்றுக்கிடையே தனியார் நிலங்கள் திட்டுத்திட்டாகக் கிடக்கின்றன. கொலராடோவில் தனியார் நிலத்தில் பலகையோ வேலியோ இல்லாவிட்டாலும், உரிமையாளரின் அனுமதியின்றி வேட்டையாடுவது குற்றம். நில உரிமையைக் காட்டும் கைபேசி வரைபடத்தை இணைய இணைப்பு இல்லாமலும் திறக்கும்படி முன்பே இறக்கி வைத்துக்கொண்டு, காகித வரைபடத்தையும் திசைகாட்டியையும் உடன் கொண்டுசெல்லுங்கள். தென்மேற்கில் சதர்ன் யூட், யூட் மவுன்டன் யூட் பழங்குடியினரின் நிலங்கள் இருக்கின்றன; அங்கே அவர்களுடைய விதிகளே செல்லும்.

ஜூலையிலிருந்து வார இறுதிகளில் ஒரே ஓர் அலகுக்குள், இரண்டு மூன்று ஓடைப் பள்ளத்தாக்குகளை மட்டும் தேர்ந்தெடுத்து நடந்து பாருங்கள். பல இடங்களை மேலோட்டமாகப் பார்ப்பதைவிட ஓரிடத்தை நன்றாக அறிவது மரபு வில்லாளருக்கு மிகவும் முக்கியம். பகலில் எல்க்குகள் வடக்கு நோக்கிய சரிவுகளின் அடர்ந்த, குளிர்ந்த மரக்கூட்டத்தில் படுத்திருக்கும். அந்தியிலும் இரவிலும் புல்வெளிக்கு இறங்கும். படுக்கைக்கும் மேய்ச்சலுக்கும் இடையிலுள்ள தடம், ஆண் எல்க்குகள் புரளும் சேற்றுக்குழி, கொம்பால் உரசித் தோலுரிந்த மரம் ஆகியவற்றை வரைபடத்தில் குறியுங்கள். சேற்றுக்குழியின் நீர் கலங்கியிருக்கிறதா, ஓரத்துப் புல்லில் ஈரச்சேறு தெறித்திருக்கிறதா, மூக்கைத் துளைக்கும் அந்த எல்க் வாடை இன்னும் நிற்கிறதா என்று பாருங்கள். இவை மூன்றும் இருந்தால் அந்த இடம் இன்னும் பயன்பாட்டில் இருக்கிறது. செப்டம்பரின் வெப்பமான பிற்பகல்களில், இத்தகைய குழியிலிருந்து 15 கஜத்தில், காற்று குழியிலிருந்து உங்களை நோக்கி வரும் பக்கத்தில் மறைந்து காத்திருப்பதைவிட நல்ல வாய்ப்பு மரபு வில்லுக்கு அரிது என்று நினைக்கிறேன்.

காற்று

கிழக்கின் சமமான காடுகளில், வானிலை அறிக்கை வடமேற்குக் காற்று என்று சொன்னால் அன்று முழுவதும் அதை நம்பி மரப்பரணைத் தேர்ந்தெடுக்கலாம். மலையில் அந்தக் கணக்கு உதவாது. இரவில் குளிர்ந்த காற்று கனத்து, சரிவில் தண்ணீர் போலக் கீழே வழிந்து ஓடைகளின் போக்கிலேயே இறங்குகிறது. வெயில் சரிவில் பட்டுத் தரை சூடான பிறகு அதே காற்று திரும்பி மேலே ஏறத் தொடங்குகிறது. மாலையில் நிழல் விழுந்ததும் மறுபடி கீழ்நோக்கி இறங்குகிறது. திசை திரும்பும் அந்த இடைவேளையில் காற்று சுழலும். எந்தப் பக்கம் நின்றாலும் உங்கள் வாடை விலங்குக்கு எட்டிவிடும். கிழக்கு நோக்கிய சரிவில் இந்தத் திருப்பம் முன்னதாகவும், மேற்கு நோக்கிய சரிவில் தாமதமாகவும் நிகழும். மேகம் மூடிய சில நிமிடங்களிலேயே ஏறிக்கொண்டிருந்த காற்று இறங்கத் தொடங்கிவிடக்கூடும்.

ஆகவே விடியலில் எல்க் இருக்கும் மேற்சரிவிலிருந்து கீழே வரும் காற்றை எதிர்கொண்டு, அதாவது விலங்குக்குக் கீழிருந்து அணுகுங்கள். காற்று திரும்பும் நேரத்தில் நகராமல் ஒதுங்கி உட்காருங்கள். காற்று நிலைபெற்ற பிறகு சுற்றிச் சென்று மேலிருந்து அணுகுங்கள். மெல்லிய பொடி அடைத்த சிறு குப்பியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, சில நிமிடங்களுக்கு ஒருமுறை அழுத்தி, பொடி மிதந்து போகும் திசையைக் கண்ணால் தொடருங்கள். பத்தடி தள்ளி அது வேறு திசைக்கு வளைவதையும் காண்பீர்கள். ஜூலை, ஆகஸ்ட் நடைகளிலேயே இந்தப் பொடியைப் பயன்படுத்தி, உங்கள் பள்ளத்தாக்கில் எந்த நேரத்தில் எந்த மூலையில் காற்று எப்படித் திரும்புகிறது என்று எழுதிவைத்தால், பருவம் தொடங்கும்போது மற்றவர்களிடம் இல்லாத அறிவு உங்களிடம் இருக்கும். உருமறைப்பு உடைக்குச் செலவிடும் பணத்தையும் அக்கறையையும் இதற்குச் செலவிடலாம். மரபு வில்லுக்கு வேண்டிய நெருக்கத்தில் கண்ணை ஏமாற்ற முடிந்தாலும் மூக்கை ஏமாற்ற முடியாது.

பருவம் தொடங்கிய பிறகு

வில் பருவம் செப்டம்பர் மாதம் முழுவதையும் ஏறக்குறைய நிறைக்கிறது. சூரிய உதயத்துக்கு அரைமணி முன்பிலிருந்து மறைவுக்கு அரைமணி பின்பு வரை எய்யலாம். முதல் வாரங்களில் தண்ணீரும் சேற்றுக்குழியும் கைகொடுக்கும். மாத நடுவிலிருந்து இணைசேரும் பருவம் சூடுபிடித்து, ஆண் எல்க்குகளின் கூவல் மலையெங்கும் கேட்கும். அப்போது இருவராகச் செல்வது நல்லது. பெண் எல்க்கின் குரலை எழுப்புபவர், வில்லாளருக்கு ஐம்பது அறுபது கஜம் பின்னால் நிற்க வேண்டும். குரல் வந்த இடத்தைக் கண்ணால் தேடி எட்டவே நின்றுவிடும் பழக்கம் ஆண் எல்க்குக்கு உண்டு. அது நிற்கும் அந்த இடம் முன்னால் மறைந்திருக்கும் வில்லாளருக்கு எட்டும் தூரமாக அமையும். இதே மாதத்தில் குழல்வாய் வழியாக மருந்தும் ரவையும் இட்டு நிரப்பும் பழைய வகைத் துப்பாக்கிகளுக்கான (மசில்லோடர்) பருவமும் சில நாட்கள் குறுக்கிடுவதால், நடக்கும்போதும் இறைச்சி சுமக்கும்போதும் ஒளிரும் ஆரஞ்சுத் துணி ஒன்றை முதுகுப்பையில் கட்டிக்கொள்வது நல்லது.

விலங்கை ஐயமின்றி அடையாளம் காணுங்கள். 1978-இல் நார்த் பார்க் பகுதியில் கொண்டுவந்து விடப்பட்ட, மான் குடும்பத்தின் மிகப் பெரிய விலங்கான மூஸ் இன்று பல எல்க் காடுகளில் இருக்கிறது. மங்கிய ஒளியில் எல்க் என்று தவறாக எண்ணி அதை எய்வது கடும் குற்றம். பல அலகுகளில் ஆண் எல்க்கின் கொம்புக் கிளைகளுக்கும் கணக்கு இருப்பதால், அதை எண்ணி முடிக்கும் வரை நாணை இழுக்காதீர்கள்.

எய்யத்தக்க நிலைகள் இரண்டே. விலங்கு பக்கவாட்டில் முழுமையாக நிற்பது ஒன்று. சற்று அப்பால் திரும்பி நிற்பது மற்றொன்று. நேர் எதிரே நிற்கும் விலங்கையும், உங்களை நோக்கிச் சாய்ந்து நிற்பதையும், ஓடுவதையும் விட்டுவிடுங்கள். தோள் எலும்பை மரபு வில்லின் அம்பு துளைக்கும் என்று நம்பக் கூடாது. அம்பு பட்டவுடன் பின்னால் ஓடாதீர்கள். பட்ட இடத்தையும் விலங்கு மறைந்த மரத்தையும் மனத்தில் பதித்து, நேரத்தைக் குறித்து, அசையாமல் உட்காருங்கள். அம்பிலோ தரையிலோ நுரைத்த இளஞ்சிவப்புக் குருதி இருந்தால் நுரையீரல். அரைமணி பொறுத்துத் தொடரலாம். கருஞ்சிவப்பாக இருந்தால் கல்லீரலாக இருக்கக்கூடும். நான்கு முதல் ஆறு மணி நேரம் காத்திருங்கள். பச்சையோ பழுப்போ கலந்து நாற்றமடித்தால் குடல்; எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் வேண்டும். பொறுமையிழந்து எழுப்பிவிடப்பட்ட விலங்கு பள்ளத்தாக்கைத் தாண்டிப் போய் வீணாய்ச் சாகும். தொடரும்போது கடைசியாகக் கண்ட ஒவ்வொரு துளியிலும் காகிதத் துண்டொன்றை வைத்துக்கொண்டே போனால், தடம் அறுந்தாலும் திசை புலப்படும். பிறகு அவற்றைப் பொறுக்கிவிடுங்கள்.

இறைச்சியைக் காப்பாற்றுதல்

அக்டோபர், நவம்பர் குளிரில் வேட்டையாடியவருக்குச் செப்டம்பர் மலையின் பகல் வெப்பம் புதிது. எல்க்கின் தடித்த தோலும் பெருத்த உடலும் சூட்டை உள்ளேயே பிடித்து வைத்திருக்கும் என்பதால், உரிமத்தோடு வரும் டேக் என்ற அடையாளச் சீட்டை விதிப்படி நிரப்பியதும் தோலை உரித்து, தொடைகளையும் முன்கால்களையும் பிரித்து, காற்றுப்புகும் துணிப்பைகளில் இட்டு நிழலில் தொங்கவிடுங்கள். நான்கு கால்கள், முதுகுத்தண்டு இறைச்சி, உள்தண்டு இறைச்சி ஆகியவற்றையேனும் உணவுக்காக எடுத்தாக வேண்டும் என்பது சட்டம். விலங்கு ஆணா பெண்ணா என்பதைக் காட்டும் அடையாளத்தையும் கையேடு சொல்லும் முறையில் இறைச்சியோடு விட்டுவைக்க வேண்டும். எலும்பை நீக்கினாலும் ஒரு பெரிய எல்க் பலமுறை சுமந்து நடக்க வேண்டிய சுமை. ஆகவே தனியாகச் செல்பவர், வண்டியிலிருந்து எத்தனை தூரத்தில் எய்யலாம் என்பதற்கும் ஓர் எல்லை வகுத்துக்கொள்ள வேண்டும். வில்லின் எல்லையைப் போலவே அதுவும் மீறக்கூடாதது. கருங்கரடி வாடை பிடித்து வரும் என்பதால் இறைச்சியைக் கூடாரத்திலிருந்து நூறு கஜமாவது தள்ளித் தொங்கவிட்டு, திரும்பி வரும்போது உரத்துப் பேசிக்கொண்டே அணுகுங்கள்.

மான், எல்க், மூஸ் ஆகியவற்றின் மூளையை அரிக்கும் சி.டபிள்யூ.டி. என்ற நோய் முதன்முதலில் கண்டறியப்பட்டதே 1967-இல் கொலராடோவின் ஃபோர்ட் காலின்ஸில்தான். அதனால் தலையைத் துறையின் அலுவலகத்தில் கொடுத்துப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். முடிவு வரும் வரை இறைச்சியை உண்ணாமல், வேறு விலங்கின் இறைச்சியோடு கலக்காமல், தனித்தனிப் பொட்டலங்களாகத் தேதியும் டேக் எண்ணும் எழுதி உறைபெட்டியில் வையுங்கள். இறைச்சி வெட்டும் கடையில் கொடுப்பதானால், பலருடைய விலங்குகளைச் சேர்த்து அரைக்காமல் உங்களுடையதைத் தனியாக வெட்டித் தருவார்களா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். நோய் உறுதியானால் அந்த இறைச்சியை உண்ண வேண்டாம் என்றே அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் அறிவுறுத்துகிறது. அடுத்துச் செய்ய வேண்டியதைத் துறை அலுவலகத்திலேயே கேட்டு அறியலாம்.